பல்கலைக்கழக அணிகளைப் பின்தொடரும் மாணவ நிருபருக்கு

கேள்வி கேட்டிருப்பவர் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழில் விளையாட்டுப் பக்கத்தை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் கேட்பது மூன்று. போட்டி முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் உடனே வந்துவிடுகின்றன. பிறகு நான் எழுத என்ன இருக்கிறது? வீரர்கள் எல்லாரும் என்னோடு படிப்பவர்கள். அவர்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத முடியுமா? எழுதியதை உடற்கல்வி இயக்குநரிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் வெளியிட வேண்டுமா? பல ஆண்டுகள் விளையாட்டு நிருபராக இருந்தவன், இப்போது மாணவ நிருபர்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கல்லூரி விளையாட்டுச் செய்தி என்று நம் பத்திரிகைகளில் வருவதை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் துணைவேந்தர். அடுத்த வரியில் பதிவாளர், சிறப்பு விருந்தினர். பிறகு வாழ்த்துரை வழங்கியவர்கள், நன்றி கூறியவர். கடைசியில் ‘மகளிர் வாலிபால் அணி தென்மண்டலப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது’ என்று ஒரு வரி. படத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்பவர்கள் விருந்தினர்கள். ஆடி வென்ற பெண்கள் பின்வரிசையில், பாதி முகம் மறைந்தபடி. அவர்களில் ஒருவர் பெயர்கூடச் செய்தியில் இருக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பெயர்களை அச்சில் ஏற்றுவதுதான் உங்கள் முதல் வேலை. இனிஷியலோடு, பிழையில்லாமல், எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற விவரத்தோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் முடிவு நான்கு நாளில் மேலே போய் மறைந்துவிடும். நீங்கள் எழுதுவது இருபது ஆண்டு கழித்தும் ஒரு வீட்டு பீரோவில், சான்றிதழ்க் கோப்பின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். வேறு எவரும் அந்த ஆட்டத்தைப் பதிவு செய்யவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட்டுக்கான ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-இல் தொடங்கியது. சுனில் கவாஸ்கர் பம்பாய் பல்கலைக்கழகத்துக்காக ஆடி வந்தவர். டெஸ்ட் அணிக்குப் போகும் வழிகளில் பல்கலைக்கழகக் கிரிக்கெட்டும் ஒன்றாக இருந்ததால் பத்திரிகைகள் அதைக் கவனித்தன. 2008-இல் ஐபிஎல், 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல் என்று வந்தபிறகு ஆள் தேடுபவர்களின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிட்டது. நிருபர்களின் பார்வையும் கூடவே போய்விட்டது. கபடி, ஹாக்கி, பால் பேட்மிண்டன், பளுதூக்குதல் போன்றவற்றுக்கு அந்தக் கவனம் முன்பும் அவ்வளவாக இருந்ததில்லை. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் கோ-கோ அணி ஆடும் இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வேறெந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காத வசதி இது.

பயன்படுத்திக்கொள்ள ஒரு வழிதான் உண்டு: முடிவை எழுதும் ஆளாக இருக்காமல், ஓர் அணியை ஆண்டு முழுவதும் தொடரும் ஆளாக இருங்கள். பதினைந்து அணிகளையும் தொட்டுத் தொட்டுப் போக நினைத்தால் ஒன்றும் தேறாது. முதல் ஆண்டில் இரண்டு அணிகள் போதும். அவற்றில் ஒன்று மகளிர் அணியாக இருக்கட்டும்.

ஆண்டு எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் பெரும்பாலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். அவற்றிலிருந்து தேர்வு, பிறகு பயிற்சி முகாம். அடுத்து இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டிகள். 1925-இல் தொடங்கிய இந்தச் சங்கம்தான் நாடு முழுவதுக்கும் அட்டவணை போடுகிறது. குழு ஆட்டங்களில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தென்மண்டலத்தில், கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி அணிகளோடு மோதும். பல ஆட்டங்களில் முதலில் நாக் அவுட், கடைசி நான்கு அணிகளுக்குள் லீக். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு வழி திறக்கும். இந்தக் கேலோ இந்தியா போட்டி 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கியது. 2022-இல் பெங்களூரு, 2023-இல் உத்தரப் பிரதேசம், 2024-இல் வடகிழக்கு மாநிலங்கள், 2025-இல் ராஜஸ்தான் என்று போயிருக்கிறது. அதற்கும் மேலே உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. 2019-இல் நேப்பிள்ஸ் நகரில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்ற தூத்தி சந்த், அப்போது புவனேஸ்வரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவி.

இந்தப் படிக்கட்டைத் தெரிந்து வைத்திருந்தால், ‘தென்மண்டலத்தில் நான்காம் இடம்’ என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவில் இருப்பது அடுத்த கட்டத்துக்கான நுழைவாயில். காலிறுதியில் தோற்ற அணிக்கு அந்த ஆண்டு அன்றோடு முடிந்தது. கட்டுரையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லாவிட்டால் படிப்பவருக்கு ஆட்டத்தின் கனம் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் போன்றவை பல கல்லூரிகளை இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள். அவற்றின் அணி பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த அணி. செப்டம்பரில் ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடித்தவர்கள், சில வாரம் கழித்து ஒரே முகாமில் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டை போட்டு ஆட வேண்டும். ஒரே வளாகத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அணிகளோ ஆண்டு முழுவதும் சேர்ந்தே பயிற்சி எடுப்பவை. இந்த இரண்டு வகை அணிகளும் வாலிபாலில் மோதும்போது, பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டருக்கும் அடிப்பவருக்கும் இடையிலான புரிதலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முகாமுக்குப் போய் முதல் நாளும் கடைசி நாளும் பாருங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், சாப்பாட்டு மேசையில் கல்லூரி வாரியாகத்தான் உட்காருகிறார்களா என்பதெல்லாம் ஆட்டத்தில் வந்து நிற்கும்.

இனி நோட்டுப் புத்தகம். நமக்குக் கணினியில் புள்ளிவிவரம் எடுத்துத் தர யாரும் இல்லை. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழக ஆட்டமென்றால் ஒவ்வொரு நகர்வும் திரையில் ஓடும். ஆட்டம் முடிந்ததும் அச்சிட்ட தாள் நிருபர் கைக்கு வந்துவிடும். இங்கே மேசையில் ஸ்கோர் எழுதுபவரிடம் ஒரு தாள் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் கணக்கை நீங்களே எழுத வேண்டும்.

வாலிபாலையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் நம் அணி, வலப்பக்கம் எதிரணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கைமாறும் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் போடுபவரின் சட்டை எண்ணை எழுதி, அவர் சர்வீஸில் எத்தனை புள்ளி வந்தது என்று அருகில் சிறு கோடுகள் இழுங்கள். புள்ளி எப்படி வந்தது என்பதற்கு ஓரெழுத்துக் குறி: அடியில் வந்தால் ‘அ’, தடுப்பில் வந்தால் ‘த’, நேராகச் சர்வீஸில் வந்தால் ‘ச’, எதிரணியின் பிழை என்றால் ‘பி’. டைம் அவுட்டுக்கு ஒரு வட்டம், மாற்று ஆட்டக்காரர் இறங்கினால் ஓர் அம்புக்குறி. முதலிரண்டு ஆட்டங்களில் கை ஓடாது. பிறகு பந்தைப் பார்த்தபடியே எழுத வரும்.

செட் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். 12–12 என்று சமமாகப் போன செட், எதிரணியின் ஒரே ஒருவரின் சர்வீஸில் 12–17 ஆகியிருக்கும். அந்த ஐந்தில் மூன்று ‘பி’. அதாவது நம் பக்கம் பந்தை வாங்குவதில் தடுமாறியிருக்கிறார்கள். பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டது 12–14-இலா, 12–17-இலா? ஒரு செட்டுக்கு அவர் கையில் இருப்பது 30 விநாடி டைம் அவுட் இரண்டுதான். பந்தை வாங்குவதற்கென்றே பின்வரிசையில் நிற்கும் லிபரோவின் இடத்தை மாற்றினார்களா? இவ்வளவும் கையில் இருக்கும்போது, ஆட்டம் முடிந்து போய் ‘இந்த வெற்றியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. அந்தக் கேள்விக்குக் கடவுளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி என்ற பதில்தான் வரும். ‘இரண்டாவது செட்டில் 12–12-க்குப் பிறகு ஐந்து சர்வீஸும் உங்களைக் குறிவைத்தே வந்தன. மூன்றாவது செட்டில் அதே சர்வீஸை எப்படி எடுத்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். ‘நீங்கள் கவனித்தீர்களா?’ என்பார். பிறகு கால் மணி நேரம் பேசுவார்: ஓர் அடி பின்னால் போய் நின்றது, செட்டர் காதில் சொன்னது, முதல் நாள் இரவு கால் வலியில் தூங்காதது எல்லாம் வரும். இந்தப் பேச்சு எந்த வாட்ஸ்அப் குழுவிலும் கிடைக்காது.

கபடிக்கு வேறு குறிப்பு வேண்டும். எந்த நிமிடத்தில் லோனா விழுந்தது, அதாவது ஓர் அணி முழுவதும் வெளியேறியது, அதற்குச் சற்று முன் யார் யார் வெளியே போனார்கள் என்பது முக்கியம். அந்த இரண்டு கூடுதல் புள்ளியைச் சுற்றித்தான் பல ஆட்டங்கள் திரும்புகின்றன. தடகளத்தில் எச்சரிக்கை தேவை. சிறு போட்டிகளில் ஸ்டாப் வாட்ச்சில் கையால் நேரம் எடுப்பார்கள். 100, 200 மீட்டரில் கைநேரத்தையும் மின்னணு நேரத்தையும் ஒப்பிட வேண்டுமானால் கைநேரத்தோடு 0.24 விநாடி கூட்டிப் பார்ப்பது வழக்கம். அதைச் செய்யாமல் ‘மாநிலச் சாதனையை நெருங்கினார்’ என்று எழுதினால் பாவம் அந்தப் பிள்ளைதான் அடுத்த போட்டியில் தலைகுனிய வேண்டிவரும். நேரம் எப்படி எடுக்கப்பட்டது, காற்றின் வேகம் அளக்கப்பட்டதா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். வெற்றி தோல்வியைவிட, போன ஆண்டு இதே மாணவர் எவ்வளவு ஓடினார் என்ற ஒப்பீடு படிப்பவருக்கு அதிகம் சொல்லும். அதற்குப் போன ஆண்டுக் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். அணிக்கு ஒரு நோட்டு போட்டு, அடுத்து வரும் நிருபரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி, ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் செய்தி. நம் ஊரில் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிப்பது வெறும் பெருமை இல்லை, பிழைப்பு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவரும் தகுதியுள்ளவர். அதற்கென்று ‘படிவம் 3’ என்ற சான்றிதழ் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அணிப் பட்டியலில் கடைசிப் பெயராக இருப்பவருக்கும் பட்டியலுக்கு அடுத்ததாக நிற்பவருக்கும் திறமையில் நூலிழை வித்தியாசம்தான் இருக்கும். ஒருவர் கையில் அந்தப் படிவம் இருக்கும், மற்றவர் கையில் இருக்காது. தேர்வுப் போட்டி நடக்கும் நாளில் மைதானத்துக்குப் போனால் ஓரமாக நிற்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். பெட்டிக்கடையையோ வயல் வேலையையோ விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தேர்வு எப்படி நடந்தது என்பதுதான் ஆண்டின் மிக முக்கியமான செய்தி. சுற்றறிக்கை எல்லாக் கல்லூரிகளுக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா, தேர்வாளர்கள் யார் யார், பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டதா, பட்டியலில் இருந்தவர்கள்தான் ரயில் ஏறினார்களா? தகுதிப் படிவம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் சரியாகப் போனதா? வயது வரம்பு 25. ஒரு நாள் வித்தியாசத்தில் ஆட முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. காகிதத்தில் நடக்கும் தவறு களத்தில் நடக்கும் தவறைவிடக் கொடியது. 2025 ஜூலையில் ஜெர்மனியில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்கு 12 பேர் கொண்ட இந்திய பேட்மிண்டன் அணி போனது. மேலாளர்கள் கூட்டத்தில் எல்லாப் பெயர்களையும் முறையாகக் கொடுக்காததால் 6 பேரால்தான் ஆட முடிந்தது. அந்த ஆறு பேர் ஆடிக் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார்கள். மற்ற ஆறு பேர் இவ்வளவு தூரம் வந்தும் மட்டையைத் தொடாமல் நின்றார்கள். வாய்ப்பிழந்தவர்கள் தாங்களே சமூக ஊடகத்தில் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வெண்கலத்தை மட்டும் எழுதியிருந்தால் பாதிச் செய்திகூட வந்திருக்காது.

பணத்தையும் கேளுங்கள். உங்கள் கட்டண ரசீதிலேயே விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அரசுப் பல்கலைக்கழகமானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எவ்வளவு வசூலானது, ஆட்டம் வாரியாக எவ்வளவு செலவானது, ஆடவர் அணிகளுக்கு எவ்வளவு, மகளிர் அணிகளுக்கு எவ்வளவு, ஒரு வீரருக்கு நாள்படி எவ்வளவு என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். ‘ஏன் குறைவாகச் செலவிட்டீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். மேலும் கட்டணச் சலுகையோடு சேர்க்கப்பட்ட வீரர் முட்டியில் காயம்பட்டு ஓர் ஆண்டு ஆட முடியாமல் போனால் அந்தச் சலுகை தொடர்கிறதா? நவம்பர் செமஸ்டர் தேர்வும் தென்மண்டலப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் மறுதேர்வு உண்டா, வருகைப்பதிவு கிடைக்கிறதா? இவற்றில் எதைத் தொட்டாலும் விளையாடாத மாணவர்களும் படிப்பார்கள். எழுத என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கும் இதுவே பதில்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நண்பர்களைப் பற்றி எப்படி எழுதுவது? முதல் நாளே நீங்கள் யார் என்று அணிக்குச் சொல்லிவிடுங்கள். கேன்டீனில் தோழியாகக் கேட்டதை எழுத மாட்டேன், நோட்டைத் திறந்துவிட்டால் எழுதுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். உங்கள் அறைத்தோழி ஆடும் அணியை நீங்கள் எழுத வேண்டாம், வேறொருவர் எழுதட்டும். அணியின் செலவில் சாப்பிடாதீர்கள், அணியின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எழுதப் போகாதீர்கள். ஆட்டத்தின்போது கைதட்டாமல் இருப்பது கடினம்தான். உங்கள் பல்கலைக்கழகம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருப்பதில் தவறே இல்லை. கை எழுதிக்கொண்டிருந்தால் தட்ட நேரம் கிடைக்காது.

ஆட்டத்தில் நடந்ததை ஆட்டமாக எழுதினால் எந்த நல்ல வீரரும் கோபிக்க மாட்டார். ‘மோசமாக ஆடினார்’ என்பது உங்கள் தீர்ப்பு. அதற்குத்தான் சண்டைக்கு வருவார்கள். ‘கடைசி எட்டு ரெய்டில் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை’ என்பது நடந்தது. அதை அவரே ஒத்துக்கொள்வார். உடம்பைப் பற்றியோ சாதியைப் பற்றியோ குடும்பத்தின் வறுமையைப் பற்றியோ அவர் விரும்பாமல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்றாலே கண்ணீர் வரும்படி எழுதும் பழக்கம் நம் விளையாட்டுப் பக்கங்களில் வேரூன்றியிருக்கிறது. அவர் எப்படி ஆடுகிறார் என்று இரண்டு வரி இருக்காது, குடிசையைப் பற்றி இரண்டு பத்தி இருக்கும். அந்தப் பிள்ளை வகுப்பில் மறுநாள் உட்கார வேண்டுமே என்று யாரும் நினைப்பதில்லை. காயம் பற்றிய மருத்துவ விவரமும் அவருடையதுதான். ‘காயத்தால் ஆடவில்லை’ என்பதற்கு மேல் எழுத அவர் சம்மதம் வேண்டும்.

ஆனால் தவறு நடக்கும்போது நட்பைக் காரணம் காட்டி ஒதுங்கவும் முடியாது. 2023 ஜூலையில் சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கால்பந்து அணியில், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணியில், புதியவர்களை மூத்தவர்கள் வதைக்கும் ராகிங் பற்றிப் புகார் வந்தது. பல்கலைக்கழகம் ஒரு விசாரணை நடத்தி, ஜூலை 7-ஆம் தேதி, நீண்ட காலப் பயிற்சியாளர் பாட் ஃபிட்ஸ்ஜெரால்டை இரண்டு வாரம் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. விடுமுறைக் காலம், வெள்ளிக்கிழமை. செய்தி அதோடு அடங்கியிருக்கும். மறுநாள், டெய்லி நார்த்வெஸ்டர்ன் என்ற மாணவர் நாளிதழ் ஒரு முன்னாள் வீரர் சொன்னதை விரிவாக வெளியிட்டது. என்ன நடந்தது என்பதைப் பல்கலைக்கழக அறிக்கை சொல்லாமல் விட்டிருந்தது, மாணவர்கள் எழுதினார்கள். ஜூலை 10-ஆம் தேதி பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். பிறகு அவர் வழக்குப் போட்டார். 2025 ஆகஸ்டில் சமரசம் ஆனது. ராகிங் நடப்பதாக எந்த வீரரும் அவரிடம் சொன்னதற்கோ, அவர் அதை ஊக்குவித்ததற்கோ ஆதாரம் வெளிப்படவில்லை என்று பல்கலைக்கழகமே அப்போது கூறியது.

இந்தக் கதையின் இரண்டு பாதியையும் சேர்த்துப் படியுங்கள். வீரருக்கு நடந்ததை வீரர் சொல்கிறார், அதை இன்னொருவர் உறுதிப்படுத்துகிறார் என்றால் அது செய்தி. பயிற்சியாளருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி ஆதாரம் வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள் விளையாட்டு முகாம்களில் இருக்கும் மாணவர்களுக்கும் பொருந்தும். பாலியல் புகார் என்றால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி புகார் செய்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ‘இரண்டாம் ஆண்டு படிக்கும் நீளம் தாண்டும் வீராங்கனை’ என்று எழுதினாலே வளாகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படி ஒரு விஷயம் உங்களிடம் வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். ஆசிரியர் குழுவில் மூத்தவரிடமும் சட்டம் தெரிந்தவரிடமும் அன்றே பேசுங்கள்.

மூன்றாவது கேள்வி: உடற்கல்வி இயக்குநரிடம் காட்ட வேண்டுமா? அவரைப் பகையாக நினைக்காதீர்கள். பல கல்லூரிகளில் ஒரே ஆள் பத்து அணிகளுக்குப் பயிற்சி, பயணம், படிவம், பந்து வாங்குவது வரை பார்க்கிறார். காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் விளக்கைப் போடுவதும் அவர்தான். பழைய முடிவுகள், யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மாணவன் எந்த ஆண்டு எந்த வேலையில் சேர்ந்தான் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை செய்தி எதுவும் கேட்காமல் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் கட்டுரையை முன்கூட்டிக் காட்டாதீர்கள். பெயர், வயது, புள்ளி, தேதி ஆகியவற்றைத் தொலைபேசியில் படித்துக் காட்டிச் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும். அவர் சொன்ன வாசகத்தை அவருக்கே வாசித்துக் காட்டலாம். முழுக் கட்டுரையைக் கொடுத்தால் அது அன்றிலிருந்து அலுவலகத்தின் செய்திக்குறிப்பு. விளையாட்டுப் பக்கத்தில் இது முதலில் பெரிதாகத் தெரியாது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், மாணவர் இதழின் ஒரு விழாச் சிறப்பிதழில் செய்திகளே இருக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. அதை மாணவர்கள் மேல் திணிக்க மறுத்த இதழின் ஆலோசகரை வேலையிலிருந்து நீக்கியது, இதழை அச்சிடுவதையும் நிறுத்தியது. விளையாட்டில் அவர்களுடைய பரம எதிரி அதே மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகம். அந்தப் பர்டியூ மாணவர் இதழ்தான் அவர்களுக்காகச் சிறப்பு இதழ் அச்சடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர்கள் ஊரில் விநியோகித்தது. அந்த மாதம் முடிவதற்குள் அச்சுத் தடையை நிர்வாகம் விலக்கிக்கொண்டது.

உங்கள் இதழ் பல்கலைக்கழகமே பணம் கொடுத்து நடத்தும் இதழ் என்றால் நிலைமை கடினம், அதை மறுக்கவில்லை. ஆசிரியப் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர் பார்க்கத்தான் செய்வார். அப்போதும் பார்ப்பவர் இதழின் பொறுப்பாளராக இருக்கட்டும், செய்தியில் வரும் துறையாக இருக்க வேண்டாம். இந்த வேறுபாட்டை இப்போதே, எந்தச் சிக்கலும் வராத நேரத்திலேயே, ஒரு பக்க விதியாக எழுதி இரண்டு தரப்பிலும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். உடற்கல்வி இயக்குநர் கேட்டால், ‘சார், விவரம் எல்லாம் உங்களிடம் சரிபார்த்துவிட்டுத்தான் போடுவோம். தப்பு வந்தால் அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் போடுவோம். கட்டுரையைக் காட்டுவது இதழின் வழக்கத்தில் இல்லை’ என்று பணிவாகச் சொல்லுங்கள். முதல் முறை முகம் சுளிப்பார். நீங்கள் எழுதியதில் பெயர்கள் சரியாக இருந்து, தோற்ற ஆட்டத்தையும் ஒழுங்காகக் கவனித்து எழுதியிருந்தால், அடுத்த தேர்வுப் போட்டியின் தேதியை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.